அன்டெனா அண்ணை பதில்கள்: குரங்கு அசைத்த டிஷ்

மல்லாவியில் தொலைக்காட்சிப் பெட்டி திருத்துகிறவன் நான். கடை பத்தடிக்குப் பன்னிரண்டடி. திருத்தக் கொடுத்துவிட்டு உரிமையாளர்கள் மறந்துபோன பெட்டிகள் ஒன்பது அதில் குடியிருக்கின்றன. மீதி இடத்தில் நான் இருக்கிறேன். பகலில் பிறருடைய பெட்டிகளைத் திறந்து பார்க்கிறேன், இரவில் நாடகம் பார்க்கிறேன். இந்த இரண்டு தகுதிகளையும் நம்பித்தான் ஆசிரியர் இந்தப் பக்கத்தை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். நடிகர் நடிகைகளின் திருமணம், மணமுறிவு பற்றிக் கேட்டு எழுதிய பதினொரு பேருக்கும் ஒரே பதில்: எனக்கு அழைப்பிதழ் வரவில்லை. மற்றக் கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: அண்ணை, எங்கள் வீட்டு டிஷ்ஷில் பகல் முழுவதும் குரங்கு ஏறி இருக்கிறது. இரவு எட்டரைக்கு நாடகம் பார்க்க உட்கார்ந்தால் ‘சமிக்ஞை இல்லை’ என்ற எழுத்து மட்டும் வருகிறது. குரங்குக்கும் நாடகத்துக்கும் என்ன பகை?
— குடும்பத் தலைவி, ஒட்டுசுட்டான்

பதில்: பகை இல்லை அம்மா, வசதி. இலண்டனில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் படங்களில் அவர்கள் வீட்டு டிஷ்ஷைப் பார்த்திருப்பீர்கள். சுவர்க் கண்ணாடி போல நிமிர்ந்து நிற்கும். செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கின்றன. இலண்டன்காரர் அவற்றைப் பார்க்க அடிவானப் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும். நாங்கள் அந்த ரேகைக்குப் பக்கத்து வளவுக்காரர். எங்களுக்கு அவை உச்சிக்குக் கிட்ட நிற்கின்றன. ஆகவே எங்கள் டிஷ் சோற்றுக்கோப்பை போல வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது. வேப்பிலை விழுகிறது, காகம் வந்து நிற்கிறது, குரங்கு அதைச் சாய்மனைக் கதிரை என்று நினைத்துக்கொள்கிறது. குரங்கின் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

விளிம்பு ஒரு விரல் அகலம் நகர்ந்தால் போதும், படம் போய்விடும். கம்பத்தை மூன்று பக்கமும் கம்பி கட்டி இழுத்து நிறுத்துங்கள். கம்பத்தில் இலந்தை முள்ளைச் சுற்றுங்கள். இதைவிட முக்கியம், படம் நன்றாக வரும் நாளில் ஏணி வைத்து ஏறி, டிஷ்ஷின் பிடி கம்பத்தைத் தொடும் இடத்தில் வர்ணத்தால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்தமுறை குரங்கு திருப்பினால் உங்கள் மகனே கோட்டோடு கோடு பொருத்தித் திருப்பலாம். என்னை அழைக்க வேண்டியதில்லை. (இதை எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கியது உண்மை. ஒருமுறை ஏறி இறங்கினால் எனக்கு ஒரு நாள் மீன்காசு கிடைக்கும்.)

உங்கள் குரங்கை அதிகம் திட்ட வேண்டாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனதே, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். உங்களுடையது ஒரு வீட்டோடு நிறுத்திக்கொள்கிறது.

கேள்வி: நேற்றைய நாடகத்தில் ஒரு பெண் கடிதத்தை உறையிலிருந்து எடுக்கத் தொடங்கினாள். அடுத்த கிழமைதான் வாசிப்பாள் போலிருக்கிறது. மாமியார் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதை மூன்று பக்கத்திலிருந்து மூன்று முறை காட்டுகிறார்கள். இதைப் பார்ப்பவர்களுக்கு நேரத்தின் பெறுமதி தெரியாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நெடுங்கேணி

பதில்: ஐயா, மூன்று முறை திரும்பும் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். இடிச் சத்தத்தோடு கழுத்தைத் திருப்பும் மனிதரை என் ஐம்பத்தொரு வயதுக்குள் நேரில் ஒருவரைக்கூடக் கண்டதில்லை. அவர்கள் பக்க நியாயம் ஒன்று உண்டு: அரைமணி நேரத்தில் விளம்பரம், நேற்றைய கதை, நாளைய முன்னோட்டம் எல்லாம் போக இருபது நிமிடம் அளவில்தான் மிஞ்சும். ஆனால் அந்த இருபதை வாரத்துக்கு ஐந்தாறு நாள், வருடக்கணக்கில் நிரப்ப வேண்டும். கழுத்தைத் திருப்பாமல் வேறு எதைத் திருப்புவார்கள்?

மெதுவாகப் போவதைப் பற்றி மட்டும் உங்களோடு வழக்காட விரும்புகிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஊரின் முறை எப்படியோ நாடக நேரத்தோடுதான் வந்து மோதியது. மூன்று கிழமை நான் நாடகம் பார்க்கவில்லை. எரிவாயு இல்லை, டீசல் இல்லை, பால்மா இல்லை, நாடகமும் இல்லை. ஓர் இரவு எட்டரை மணிக்கு மின்குமிழ் அணையாமல் நின்றது. ஓடிப் போய்ப் பெட்டியைப் போட்டேன். மூன்று கிழமைக்கு முன்னர் விட்டுப் போனபோது அந்தப் பெண் தேநீர்த் தட்டோடு மாடிப்படியில் நின்றாள். இப்போதும் மாடிப்படியில்தான் நின்றாள். மூன்று படி இறங்கியிருந்தாள். தேநீர் ஆறியிருக்குமே என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை வரவில்லை. நாடே கவிழ்ந்து கிடந்த அந்த மாதத்தில், ஒன்றும் கெட்டுப்போகாமல் எனக்காகக் காத்து நின்றது அந்த ஒரு தேநீர்த் தட்டுத்தான்.

எங்களுக்கும் கதை வேகமாக ஓடிய காலம் ஒன்று இருந்தது, ஐயா. காலையில் ஓர் ஊரில் உலை வைத்து, மத்தியானம் இன்னோர் ஊரில் அதை இறக்கி, இரவு மூன்றாவது ஊரில் தறப்பாளுக்குக் கீழே படுத்திருக்கிறோம். ஒரே நாளில் மூன்று திருப்பங்கள், விளம்பர இடைவேளை இல்லாமல். அந்த வேகம் எனக்கு இந்தப் பிறவிக்குப் போதும். என் அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. நாடகம் தொடங்கியதும் ஒரு கேள்விதான் கேட்பார்: “அந்த வீடு இருக்கிறதா?” இருக்கிறது, அதே படி, அதே சோபா என்று சொன்னால் வெற்றிலையை மடிக்கத் தொடங்குவார். கதையை அதற்குமேல் கேட்பதில்லை.

அந்தச் சோபாவில் ஒருவராவது வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி: நாங்கள் இரண்டு வருடமாகப் பார்த்து வரும் நாடகத்தில் திடீரென்று ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்துப் போட்டுக் கதாநாயகியை மாற்றிவிட்டார்கள். பழைய அக்காவை மறக்க முடியவில்லை. புதியவரை எப்படி ஏற்றுக்கொள்வது?
— இரண்டு சகோதரிகள், முள்ளியவளை

பதில்: முள்ளியவளையில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி, தங்கச்சிமார்? உங்கள் அப்பப்பாவிடம் காத்தவராயன் கூத்தைப் பற்றிக் கேளுங்கள். பாலக்காத்தானாக ஒரு சிறுவன் வருவான். அவன் போக முன்காத்தான் வருவார். சாமம் கடந்தால் பின்காத்தான் வருவார். ஒரே காத்தானுக்கு மூன்று ஆட்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் கட்டை, ஒருவருக்கு முன்பல் இல்லை. வந்து நின்று வரவுப் பாட்டை எடுத்ததும் சனத்துக்கு அவர்தான் காத்தான். எழுத்துப் போடவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. விடியப்போகும் நேரத்தில் பாயில் தூங்கிக் கிடக்கும் எங்களை அம்மம்மா தட்டி எழுப்புவார்: “எழும்பு, கழுவேறப் போகிறான்.” கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால், நான் தூங்கப் போகும்போது பார்த்த ஆள் அங்கே இல்லை. அழுகை மட்டும் அதே ஆளுக்கு வந்தது.

கூத்தில் ஆள் மாறுவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும்: விடிய விடியப் பாட ஒரு தொண்டை தாங்காது. நாடகத்தில் ஏன் மாறுகிறார்கள் என்று சொல்வதில்லை, நாங்கள்தான் ஆளுக்கொரு காரணம் கட்டிக்கொள்கிறோம். ஒன்று மட்டும் எனக்குப் பொறுப்பதில்லை. ஆளை மாற்றுகிறவர்கள் சுவரில் தொங்கும் கல்யாணப் படத்தை மாற்ற மறந்துவிடுகிறார்கள். புதியவர் கீழே நின்று அழுகிறார், பழையவர் மேலே நின்று சிரிக்கிறார்.

கேள்வி: ஐந்து வயதுப் பேத்தி நாள் முழுவதும் இந்தியத் தொலைக்காட்சி பார்த்து, கதிரையை நாற்காலி என்கிறாள், திறப்பைச் சாவி என்கிறாள். நேற்று என் மருமகனிடம் போய், “அப்பா, உங்களை அத்தை கூப்பிடுகிறார்” என்றாள். யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவர் படலை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கூப்பிட்டது நான். என்ன செய்வது தம்பி?
— அம்மம்மா, முழங்காவில்

பதில்: அம்மா, உங்களுக்கு ‘மாமி’ பதவி போய் ‘அத்தை’ பதவி கிடைத்திருக்கிறது. சம்பளம் ஒன்றுதான்.

என் கடைக்கு வரும் ஒரு சிறுவனின் கதையைச் சொல்கிறேன். முறிகண்டியில் பஸ் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எல்லோரும் கச்சான், அதாவது நிலக்கடலை, வாங்கினார்கள். இவன் தகப்பனிடம் காசு வாங்கிப் போய், நாடகத்தில் கேட்ட பழக்கத்தில், “கடலை கொடுங்கள்” என்றான். அந்த அம்மா அவித்த கடலையைச் சுருளில் போட்டுக் கொடுத்துவிட்டார். அவன் மாங்குளம் வரை அழுதுகொண்டு வந்தான். அன்று தொடக்கம் அவன் கச்சானைக் கச்சான் என்றுதான் சொல்கிறான். ஆகவே நீங்கள் அடிக்கவோ திட்டவோ வேண்டியதில்லை, வயிறு பார்த்துக்கொள்ளும்.

இதில் யார் சொல் தூய்மையானது என்று சண்டை பிடிக்கவும் முடியாது. கதிரை, சாவி, யன்னல், அலுமாரி நான்கும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. கதிரையை நாங்கள் வைத்துக்கொண்டோம், சாவியை அக்கரையில் வைத்துக்கொண்டார்கள், யன்னல் இரண்டு பக்கமும் இருக்கிறது. அவள் சாவி கேட்டால் நீங்கள், “இந்தா திறப்பு” என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டு பெயரும் தெரிந்த பிள்ளையாக வளரட்டும். ஆனால் அவள் மூன்று முறை கழுத்தைத் திருப்பத் தொடங்கினால் உடனே எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: கிட்ட இருந்து தொலைக்காட்சி பார்த்தால் பிள்ளையின் கண் கெட்டுவிடுமா?
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: கண் களைக்கும். எப்போதும் கிட்டப் போய்த்தான் பார்க்கிறது என்றால் கண் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள், ஏற்கெனவே தூரப் பார்வையில் குறை இருக்கலாம். பெட்டியை என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: நீங்கள் முதன்முதலாகத் தொலைக்காட்சி பார்த்தது எப்போது?
— மாணவன், பரந்தன்

பதில்: எனக்குப் பதின்மூன்று வயது, தம்பி. பூநகரியில் பெரியப்பா வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு வீட்டில் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. மின்சாரம் இல்லை. உழவு இயந்திரத்திலிருந்து கழற்றிய பட்டரியில் அது ஓடியது. முற்றத்துப் பனையோடு போட்டிபோட்டுக்கொண்டு ஒரு கம்பம் நின்றது, அதன் நுனியில் மீன் முள்ளு மாதிரி அன்டெனா. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூரதர்ஷனில் இராமாயணம். 1987 ஜனவரியில் தொடங்கி அடுத்த வருடம் ஜூலை வரை ஓடிய அதே ஹிந்தி இராமாயணம்தான்.

ஒருவன் கம்பத்தைத் திருப்ப வேண்டும். ஒருவன் யன்னலில் நின்று படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். “வந்துவிட்டது!” “போய்விட்டது!” “கொஞ்சம் மன்னார்ப் பக்கம்!” நான் கம்பத்தில் நின்றவன். ஆகவே நான் பார்த்த முதல் நிகழ்ச்சியைப் பெரும்பாலும் காதால்தான் பார்த்தேன். கடைசியில் ஒரு பெரியவர் இரங்கி என்னை யன்னலுக்கு அழைத்தார். திரை முழுவதும் உப்பு அள்ளிக் கொட்டியதுபோல் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே அனுமன் கடலைத் தாண்டிக்கொண்டிருந்தான். அந்தப் படமும் அதே கடலைத் தாண்டித்தான் எங்களிடம் வருகிறது என்று பெரியப்பா சொன்னபோது என் மயிர்க்கால்கள் நிமிர்ந்து நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது. பெரியப்பா ஹிந்தி வசனங்களை வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாது. கதை தெரிந்திருந்தது, அது போதுமாக இருந்தது. இடையிடையே சீதை பூநகரித் தமிழில் கோபப்பட்டதாகவும் ஞாபகம்.

சில நாட்களில் படம் கண்ணாடி மாதிரி வரும், சில நாட்களில் இரைச்சல் மட்டும் வரும். கடலுக்கு மேலே காற்று அசையாமல், குளிரும் சூடும் அடுக்கடுக்காக நிற்கும்போது அலை வளைந்து அதிக தூரம் ஓடிவரும் என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வயதில், யார் வீட்டிலோ மச்சம் சமைத்துவிட்டார்கள், அதனால்தான் இராமர் வரவில்லை என்று நம்பினோம். அடுத்த வருடமே ஒரு வீடியோ டெக் வாடகைக்காரரிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். பெட்டி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு சாமத்திய வீடுகளுக்குப் போய் ஒரே இரவில் மூன்று படம் போடுவோம். இரண்டாவது படத்தில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், மூன்றாவது படத்தில் ஜெனரேட்டர் தூங்கிவிடும்.

கேள்வி: பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளில் பாட்டைவிட அழுகை அதிகமாக இருக்கிறதே, கவனித்தீர்களா?
— சங்கீத ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: கவனித்தேன் ரீச்சர், கடிகாரம் வைத்தே கவனித்தேன். ஒருநாள் ஒரு பிள்ளை மூன்றரை நிமிடம் பாடியது. அதன் முன்னும் பின்னும் நடந்த அழுகை பதினாறு நிமிடம். நடுவர் அழுதார், தொகுப்பாளர் அழுதார், தபேலாக்காரர் கண்ணைத் துடைத்தார். எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை, ஏனென்றால் அழ வேண்டிய இடத்தில் வயலினைக் கூட்டிவிடுகிறார்கள், அந்தச் சத்தத்தில் நாய் குரைக்கத் தொடங்கிவிடுகிறது.

2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் முதலிடம் பெற்ற இரவில் எங்கள் ஒழுங்கையில் வெடி கொளுத்தினோம். நான் கொளுத்தியது நனைந்த வெடி, அது பாதியில் யோசித்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்த மகிழ்ச்சியில் குறையொன்றும் இல்லை. பொதுவாக எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு: இங்கிருந்து யார் அந்த மாதிரி மேடைகளில் ஏறினாலும் முதலில் எங்கள் துயரத்தைக் கேட்கிறார்கள், பிறகுதான் சுருதியைக் கேட்கிறார்கள். என்னுடைய நிகழ்ச்சியாக இருந்தால், பிள்ளை வந்து நின்றதும் கேட்பேன்: “என்ன ராகம்?” பாடி முடிந்ததும் கேட்பேன்: “சாப்பிட்டாயா?” நடுவில் ஒன்றும் கேட்கமாட்டேன். இதனால்தான் என்னை யாரும் நிகழ்ச்சி நடத்த அழைப்பதில்லை.

கேள்வி: பிக் பாஸ் வீட்டுக்கு உங்களை அழைத்தால் போவீர்களா?
— இளைஞன், வவுனியா

பதில்: கைபேசி கிடையாது. வெளியே போக முடியாது. சாப்பாட்டுக்குக் கணக்கு. அடுத்து யாரை வெளியே விடுவார்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தம்பி, 2009இல் செட்டிகுளத்து முகாமில் இதையெல்லாம் நான் பயிற்சி எடுத்தவன். அங்கே பரிசுத்தொகையும் இல்லை, கமல்ஹாசனும் வாரக் கடைசியில் வந்து விசாரிக்கவில்லை.

இருந்தாலும் 2019இல் மூன்றாவது பருவத்தை ஒரு நாள்கூட விடாமல் பார்த்தேன். இலங்கையில் செய்தி வாசித்த லொஸ்லியா அந்த வீட்டுக்குள் போனதும் வன்னியில் ஆண்கள் பாதிப்பேர் அவருக்குச் சித்தப்பா ஆகிவிட்டார்கள், மீதிப்பேர் மாமா. அவர் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் கடையில் அதைத்தான் பேசினார்கள். பெட்டி திருத்தக் கொண்டுவந்தவர்கள், “மூன்று மாதத்துக்குத் தாங்கினால் போதும், தம்பி” என்று கேட்டு வாங்கிப் போனார்கள். வன்னியில் உத்தரவாதக் காலம் அப்படித்தான் நிர்ணயிக்கப்பட்டது.

கேள்வி: நேரலையில் நீங்கள் அனுபவித்த மிகச் சிறந்த நிகழ்ச்சி எது?
— கிரிக்கெட் இரசிகர், துணுக்காய்

பதில்: பார்க்கவில்லை, கேட்டேன். 1996 மார்ச் 17, லாகூர், உலகக் கிண்ண இறுதி ஆட்டம். இடம்பெயர்ந்து வந்த உறவினர்களோடு எங்கள் வீட்டில் அப்போது இருபத்தாறு பேர். பட்டரி வன்னிக்குள் வரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு கம்பி இழுத்து வானொலிக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றினோம். சுற்றும் வேகம் குறைந்தால் வர்ணனையாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். ஆகவே ஓவருக்கு ஓர் ஆள் என்று முறை வைத்தோம். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அடுத்த ஓவர்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நிற்பார். உள்ளே வந்து துடுப்பெடுத்தாடுவதுபோல்தான் அவரவர் நடையும் இருந்தது.

அரவிந்த டி சில்வா நூறைத் தாண்டியபோது சுற்றியவர் என் மாமா. அரவிந்த 107வரை ஆட்டமிழக்காமல் நின்றதில் தன் கைக்கும் பங்குண்டு என்று சாகும்வரை சொன்னார். கடைசி ஓட்டங்கள் வரும்போது என் மருமகனின் முறை, பத்து வயது. வெற்றிக்கான அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் அவன் பெடலை விட்டுவிட்டுத் துள்ளினான். குரல் அப்படியே செத்தது. இருட்டில் இருபத்தாறு பேர் கத்திக்கொண்டு நிற்கிறோம், யார் அடித்தார், எங்கே அடித்தார், ஒருவருக்கும் தெரியாது. அர்ஜுன ரணதுங்க அடித்த நான்கு என்பதைப் பல நாள் கழித்து வந்த பழைய பத்திரிகையில் படித்தேன். அந்தக் காலத்தில் அந்த இடத்தில் இருந்துகொண்டு அந்த வெற்றிக்கு ஏன் துள்ளினீர்கள் என்று கேட்காதீர்கள். துள்ளியது கால், அதைக் கேளுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் அக்கா செயலியில் நாடகத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டு, நான் எட்டரைக்குப் பார்க்க உட்காரும்போது வட்ஸ்அப்பில் அழைத்துக் கதையைச் சொல்லிவிடுகிறார். தடுக்க வழி உண்டா?
— தங்கை, தருமபுரம்

பதில்: உங்களுக்கு இரவு எட்டரை என்றால் ரொறன்ரோவில் அவருக்குக் காலை பத்து, பதினொரு மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள், கணவர் வேலைக்குப் போயிருப்பார். தனியே இருந்து நாடகம் பார்த்து முடித்தவருக்கு, “இவளைப் பார்த்தாயா!” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள். தடுக்காதீர்கள், பழிவாங்குங்கள். உங்கள் ஒழுங்கையின் கதையை அவருக்குத் தவணை முறையில் சொல்லுங்கள். “அக்கா, அந்த வேலிப் பிரச்சினை நினைவிருக்கிறதா? நேற்றிரவு வேலி ஓரடி எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டது. நகர்த்தியது யார் என்று பார்த்தால்...” இந்த இடத்தில் கைபேசியை வைத்துவிடுங்கள். மறுநாள் அவர் நாடகத்தைப் பற்றிப் பேச மாட்டார்.

கேள்வி: நாடக நேரத்தில் விருந்தினர் வந்தால் என்ன செய்வீர்கள்?
— வாசகர், மாங்குளம்

பதில்: தேத்தண்ணீர் கொடுப்போம். அதில் சீனி இல்லை என்றால் அவர்களுக்கே விளங்கும்.

கேள்வி: ஊரில் உள்ள பெட்டியெல்லாம் திருத்திக் கொடுக்கும் ஒருவர், நான்கு கிழமையாகப் படம் வராமல் கிடக்கும் தன் வீட்டுப் பெட்டியை எப்போது திருத்துவார்?
— வாசகி, மல்லாவி

பதில்: இந்தக் கையெழுத்தைக் கடைக்குக் கொடுத்துவிடும் மரக்கறிப் பட்டியல் துண்டுகளில் நான் தினமும் பார்க்கிறேன். அதற்கு வேண்டிய பாகம் வவுனியாவிலிருந்து வர வேண்டும், சொல்லியிருக்கிறேன். அதுவரை பக்கத்து வீட்டு விறாந்தையில் உனக்கும் அம்மாவுக்கும் கதிரை போடச் சொல்லியாகிவிட்டது. எட்டரைக்கு முன்னர் போய்விடுங்கள், அம்மாவுக்கு வீடு இருக்கிறதா என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்குக் கதிரை வேண்டாம், நான் யன்னலில் நிற்கிறேன்.